முற்றத்துக் கல்லும் மண்ணின் ஈரமும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி, காவிரிக் கரையோரத்தையும் ஏரிகளின் அடிமண்ணையும் நீக்கிப் பார்த்தால், ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலால் ஆனதன்று. பல இடங்களில் ஓரிரு மீட்டர் ஆழத்திலேயே தட்டுப்படும் பழம்பாறையின் மேற்பரப்பு வெயிலிலும் மழையிலும் சிதைந்து உதிர்ந்ததால் உண்டான மெல்லிய போர்வையே இங்குள்ள செம்மண்ணும் சரளையும். வீடு கட்டுபவர் கடைக்கால் தோண்டும்போதே கல்லைச் சந்திக்கிறார். பழைய கிணறுகள் பாறையை வெடிவைத்துப் பிளந்தே நீரை எட்டின. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊராக வளர்ந்ததும் கல்லுக்கடியில் தண்ணீர் தேட வேண்டிய இந்த நிலத்தில்தான். இத்தகைய ஊர்களில் வீட்டைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை அழகுபடுத்த மக்கள் கல்லையே நாடுவதில் வியப்பில்லை. வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. பாறையின் மேலேயே குடியிருப்பவர்கள் ராஜஸ்தானத்துப் பளிங்குச் சில்லையும், சாயமேற்றிப் பையில் அடைத்து விற்கும் கூழாங்கல்லையும் விலைகொடுத்து வாங்கி, அதன் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மழைநீரை வாசலிலிருந்து சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மண்ணின் மேல் விரிக்கும் கல்லடுக்கு வெறும் ஒப்பனை அன்று. மழை மண்ணுக்குள் இறங்கும் விதத்தையும், இறங்கிய ஈரம் ஆவியாகி வெளியேறும் வேகத்தையும், பகல் வெப்பம் எங்கே தங்குகிறது என்பதையும், ஆண்டுகள் செல்லச் செல்ல மண்ணின் அமில, காரத் தன்மையையும் அது மாற்றிவிடுகிறது. எந்தக் கல், எந்த அளவில், எத்தனை அங்குலக் கனத்தில், எந்த மரத்துக்கு அருகில் என்னும் கேள்விகளுக்குச் சரியான விடை கண்டு விரித்த கல், குறைந்த செலவில் வீட்டு மண்ணின் ஈரத்தைக் காக்கும். கண்ணுக்கு அழகு என்ற ஒரே காரணத்துக்காக விரித்த கல் அந்த மண்ணை உயிரற்றதாக்கக்கூடும்.

முதலில் பாறைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. சேர்வராயன் மலையிலும் அதைச் சுற்றிய சமவெளியின் பெரும்பகுதியிலும் காணப்படும், உடைத்தால் நீலச்சாம்பல் நிறத்தில் சற்றே எண்ணெய்ப் பளபளப்போடு தோன்றும் கருங்கல்லின் அறிவியற்பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த, சென்னைப் பகுதியிலிருந்து சென்ற கல்லை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பெயரைச் சூட்டினார். பூமியின் மேலோட்டில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், எழுநூறு பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சமைந்த பாறை இது. சேலத்தைச் சூழ்ந்த சார்னோக்கைட்டின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அதன் மேலிருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் அரிக்கப்பட்டுப் போன பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது. கிரஷரிலிருந்து லாரியில் வரும் சாதாரணக் கருங்கல் ஜல்லியில் பெரும்பங்கு இதுவும் இதன் உறவுப் பாறைகளான நைஸ் வகைகளுமே. நைஸ் என்பது கனிமங்கள் வெளுப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக அடுக்குண்ட உருமாறிய பாறை.

இந்தக் கரும்பாறையின் வெடிப்புகளில் பிற்காலத்தில் புகுந்து உறைந்த வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகள் சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துக் கரடுகளில் ஆங்காங்கே துருத்திக்கொண்டு நிற்கின்றன. மேட்டுக்காட்டு உழவர்கள் வெங்கச்சங்கல் என்று அழைப்பது இதைத்தான். குவார்ட்ஸ் சிலிக்காவால் ஆன, கத்தியால் கீற முடியாத கடினமான கனிமம். பாறையின் மற்றக் கனிமங்களெல்லாம் களிமண்ணாகக் கரைந்த பிறகும் அது மட்டும் எஞ்சி நிற்பதால்தான் செம்மண் காடுகளில் வெள்ளைக் கற்கள் மேலே மிதப்பதுபோல் கிடக்கின்றன. சேலத்துக்கு மேற்கே உள்ள கஞ்சமலையில், காந்தத்தால் ஈர்க்கப்படும் மேக்னடைட் என்னும் இரும்புத்தாதுவும் குவார்ட்ஸும் மாறி மாறி அடுக்கிய வரிக்கல் உண்டு. அம்மலை அடிவாரத்து ஓடைகளில் கிடக்கும் கனத்த கருங்கல்லுக்கு அருகே சிறுவர்கள் காந்தத்தைக் கொண்டுபோனால் அது ஒட்டிக்கொள்ளும். நகரின் வடக்கே, ஆங்கிலேயர் காலம் முதல் சாக் ஹில்ஸ் என்று குறிக்கப்படும் கரடுகளில் வேறொரு வெள்ளைக் கல் இருக்கிறது. அது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். ஒலிவின் என்னும் பச்சைக் கனிமம் நிறைந்த டியூனைட் பாறையை, கரியமில வாயு கரைந்த நீர் ஊடுருவி வேதிமாற்றம் செய்ததால் பிறந்தது அது. உலைகளின் உட்சுவருக்கான செங்கல் செய்யப் பயன்படுகிறது. வெங்கச்சங்கல்லும் மேக்னசைட்டும் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும், தோட்டத்தில் இரண்டின் நடத்தையும் நேர்மாறானது என்பது பின்னர் விளங்கும்.

நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிக் கல் தனியே சொல்லத் தகுந்தது. அனார்த்தோசைட் எனப்படும் இந்தப் பாறை, ஏறத்தாழ முழுவதும் கால்சியம் மிகுந்த பெல்ஸ்பார் கனிமத்தால் ஆனது. வெளிர்சாம்பலும் வெண்மையும் கலந்த நிறமுடையது. நிலவின் வெண்ணிற மேட்டுப்பகுதிகளும் பெரும்பாலும் இதே வகைப் பாறையால் ஆனவை. சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தையும் உலவு ஊர்தியையும் சோதிக்க நிலவுமண்ணை ஒத்த மண் இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டபோது, சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறை தேர்ந்தெடுக்கப்பட்டு, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை உள்ளிட்ட பல நிறுவனங்களின் கூட்டுழைப்பில் உடைத்துப் பொடிக்கப்பட்டுப் பெங்களூருவுக்கு டன் கணக்கில் அனுப்பப்பட்டது. அதைத் தயாரிக்கும் முறைக்கு 2020இல் இந்தியக் காப்புரிமையும் கிடைத்தது. வேறு நாட்டிலிருந்து பெரும் விலைக்கு வாங்கியிருக்க வேண்டிய ஒன்றை ஒரு கிராமத்துப் பாறை தந்தது. அந்தச் சோதனைக் களத்தில் பாறைப்பொடியின் வேதியியலோடு அதன் துகள் அளவும், துகள்களின் கூர்மையும், அவை ஒன்றன்மேல் ஒன்று அமரும் விதமும் சேர்ந்தே சக்கரம் புதையுமா புதையாதா என்பதைத் தீர்மானித்தன. முற்றத்துக் கல்லுக்கும் இதே விதி பொருந்தும். கல்லின் இனம் பாதி. அதன் அளவும் வடிவமும் மறுபாதி.

கிரஷரில் பாறை உடைபட்டுச் சல்லடைகளில் பிரிந்து ஒன்றரை அங்குல ஜல்லி, முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, கால் அங்குலச் சிப்ஸ், கடைசியில் கிரஷர் தூசி என வெளிவருகிறது. உடைத்த கல்லுக்கு முனைகளும் தட்டையான முகங்களும் இருப்பதால், ஒன்று மற்றொன்றின் இடுக்கில் சிக்கி, மிதித்தால் நகராமல் இறுகுகிறது. ஆற்றில் உருண்ட கூழாங்கல்லுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. நடைபாதையில் விரித்தால் ஒவ்வோர் அடிக்கும் கால் வழுக்கும், சரிவில் விரித்தால் முதல் பெருமழையிலேயே கீழே வந்து குவியும். ஆகவே நடக்கும் இடத்துக்கு அரை ஜல்லியோ முக்கால் ஜல்லியோ சிறந்தது; மரத்தடிக்கும் செடிகளின் இடைவெளிக்கும் சிப்ஸ் போதும்; ஒன்றரை அங்குலத்துக்கு மேற்பட்டது கூரைத் தண்ணீர் விழும் கோட்டுக்கும் வடிகால் குழிக்கும் ஏற்றது. இப்பகுதியில் ஜல்லி விற்பது யூனிட் கணக்கில். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது சுமார் 2.8 கன மீட்டர். எடை நாலு டன்னுக்கு மேல் வரும். இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பினால் அது 600 சதுர அடியை மூடும். சராசரி வீட்டு முற்றத்துக்கு ஒரு யூனிட்டே மிச்சப்படும் என்பதால், கால் யூனிட், அரை யூனிட் என்று அக்கம்பக்கத்தார் பங்குபோட்டு வாங்குவது சிக்கனமானது.

கல்லடுக்கின் மிகப்பெரிய பயன் தண்ணீரோடு தொடர்புடையது. ஈரமான செம்மண்ணின் மேற்பரப்பு காயும்போது, கீழேயுள்ள ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்துகள்களின் நுண்ணிய இடைவெளிகள் வழியே மேலேறுகிறது. இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும்: ஆரம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டராக இருந்தால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வரையும், ஆரம் ஒரு மில்லிமீட்டராக இருந்தால் வெறும் ஒன்றரை சென்டிமீட்டரும் ஏறும். அரை ஜல்லியின் இடைவெளிகள் அதைவிடவும் அகலமானவை. ஆதலால் இரண்டு அங்குலக் கல்லடுக்கைத் திரவ நீர் கடந்து மேலே வரவே முடியாது. அது ஆவியாக மாறி, கற்களுக்கிடையே அசைவின்றி நிற்கும் காற்றின் வழியே மெல்ல ஊர்ந்துதான் வெளியேற வேண்டும். மழை பெய்த மறுநாளே மேல்மண் காய்ந்து வெடிக்கும் நிலத்தில், கல்லுக்கடியில் மட்டும் பல நாட்கள் ஈரம் தங்குவதன் இயற்பியல் இதுவே. சரளைக்காட்டில் கல்லை முழுவதும் பொறுக்கி எறியாமல் விட்டு உழும் பழக்கம் சோம்பலால் வந்ததன்று.

உலகின் வறண்ட பகுதிகள் பலவற்றில் உழவர்கள் இதே உண்மையைத் தனித்தனியே கண்டறிந்திருக்கிறார்கள். சீனாவின் கான்சு மாகாணத்தில், ஆண்டுக்கு 300 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் மேட்டுநிலத்தில், ஆற்றுச் சரளையையும் மணலையும் வயல் முழுவதும் பத்து சென்டிமீட்டர் அளவுக்குப் பரப்பி அதனூடே முலாம்பழமும் தர்ப்பூசணியும் விளைவிக்கும் முறை சில நூற்றாண்டுகளாக நீடிக்கிறது. அட்லாண்டிக் கடலிலுள்ள லான்சரோட்டே தீவில் 1730 முதல் 1736 வரை எரிமலை கக்கிய கருங்கற்பொடி வயல்களை மூடியபோது, அழிந்ததாகக் கருதிய நிலத்தில் பொடிக்கு அடியில் ஈரம் நிற்பதைக் கண்ட மக்கள், அப்பொடியைத் தோண்டி அதனுள் திராட்சைக் கொடியை நட்டார்கள். சேலத்தில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டியும், நாமக்கல்லில் ஏறத்தாழ 700 மில்லிமீட்டரும் பெய்கிறது. அந்த மண்ணோடு ஒப்பிட்டால் இது செல்வம். அந்தச் செல்வம் கோடையின் இடிமழையாகவும் ஐப்பசியின் அடைமழையாகவும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுவதே குறை.

கொட்டும் மழையிலும் கல்லுக்கு வேலை உண்டு. பெருமழையின் துளி ஒன்று நொடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் வேகத்தில் தரையை அறைகிறது. திறந்த செம்மண்ணில் அந்த அடி மண்கட்டிகளை உடைத்து, நுண்துகளைக் கலக்கி, காய்ந்ததும் ஓடுபோல் இறுகும் மேற்படலத்தை உண்டாக்குகிறது. அடுத்த மழை அந்த ஓட்டின்மேல் வழுக்கித் தெருவுக்கு ஓடும். கல்லடுக்கு துளியின் வேகத்தைத் தானே வாங்கிக்கொண்டு, நீரை மெதுவாக மண்ணில் விடுகிறது. மேலும் ஜல்லிக் குவியலின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடமே. எனவே ஐந்து சென்டிமீட்டர் அடுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு இருபது லிட்டர் நீரைத் தற்காலிகமாகத் தேக்கிவைத்து, மண் அதை உறிஞ்சும்வரை காத்திருக்கும். 600 சதுர அடி முற்றத்தில் இது ஆயிரம் லிட்டருக்கு மேல். 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலோர் கூரை நீரைக் குழாய் வழியே குழிக்கு விடுவதோடு நின்றார்கள். வாசல் முழுவதையும் சிமென்ட் கொண்டும் பேவர் பிளாக் கொண்டும் மூடியதால் தரையில் விழும் மழை கணக்கில் வராமலே போயிற்று. அந்தச் சிமென்ட்டின் ஒரு பகுதியை உடைத்தெடுத்து ஜல்லி விரிப்பது சேகரிப்புக் குழி ஒன்றைக் கூடுதலாகத் தோண்டுவதற்குச் சமம்.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெய்யும் சிறுதூறல் கற்களை நனைப்பதோடு சரி. மண்ணை எட்டாமலே கல்லின் சூட்டில் ஆவியாகிவிடும். மற்றொன்று, மண்ணின் மேல் தளர்வாகக் கிடக்கும் கல்தான் நீரை உள்ளே விடும். களிமண்ணில் அழுந்திப் புதைந்து ஓடுபோல் இறுகிய கல் நீரைத் தடுக்கும். மண் ஈரமாக இருக்கும்போது ஜல்லி விரித்து அதன் மேல் காரை ஏற்றி இறக்கினால் இந்த இரண்டாம் நிலைதான் மிஞ்சும்.

வெப்பத்தைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஏப்ரல் மாதத்துத் தெளிந்த பகலில் இச்சமவெளியின் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் கதிரவனின் ஆற்றல் 20 மெகாஜூலைத் தாண்டும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கச் சுமார் 2.45 மெகாஜூல் செலவாகிறது. நன்கு நீர் பெற்ற புல்தரையோ செடித்தொகுதியோ ஒரு நாளில் சதுர மீட்டருக்கு நான்கு லிட்டரை ஆவியாக்கினால், வந்த ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சூடாக மாறாமல் நீராவியோடு போய்விடும். கல்லுக்கு இந்த வழி இல்லை. வாங்கிய ஆற்றலில் பிரதிபலித்தது போக மீதியெல்லாம் அதன் சூடாகிறது; இடைவெளிக் காற்று நல்ல வெப்பக் கடத்தி அல்லாததால் சூடு கீழே விரைந்து இறங்காமல் மேற்பரப்பிலேயே குவிகிறது. அதனால்தான் கல்லுக்கடியில் மண் ஓரளவு குளிர்ந்திருக்க, மேலே வெறுங்காலை வைக்க முடியாமல் போகிறது. பகலில் சேர்ந்த சூடு மாலையிலும் முன்னிரவிலும் அகச்சிவப்புக் கதிராகச் சுவரை நோக்கியும் சன்னலை நோக்கியும் வெளிப்படுகிறது. மேற்குச் சுவரை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குக் கருங்கல் ஜல்லி விரித்த வீட்டில் சித்திரை மாத இரவு எப்படி இருக்கும் என்பதைக் கணக்குப் போடாமலே அறியலாம்.

வெள்ளைக் கல் விரித்தால் இந்தத் தொல்லை தீரும் என்பது பாதி உண்மை. வெங்கச்சங்கல் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால் தான் குறைவாகச் சூடேறும். ஆனால் திருப்பி அனுப்பிய ஒளி சுவரிலும் கண்ணாடியிலும் செடிகளின் இலை அடிப்புறத்திலும் போய் விழுகிறது, நண்பகலில் கண்ணைக் கூசவைக்கிறது. ஆகவே கல்லுக்குத் தகுந்த இடம் நிழல். வேம்பும் புங்கனும் நிழல் தரும் வடக்கு, கிழக்கு வாசல்களில் கல்லை விரிப்பதும், மேற்கிலும் தெற்கிலும் செடியையும் மரத்தையும் விடுவதும்தான் இந்த வெப்பநிலைக்கு ஏற்ற ஒழுங்கு. முற்றம் முழுவதையும் கல்லால் மூடுவது, பராமரிப்பு இல்லை என்று எவ்வளவுதான் சொல்லப்பட்டாலும், கொங்கு வெயிலுக்குப் பொருந்தாத ஏற்பாடு.

வேதியியலில்தான் முன்னர்ச் சொன்ன இரு வெள்ளைக் கற்களின் வேறுபாடு வெளிப்படுகிறது. குவார்ட்ஸ், சார்னோக்கைட், அனார்த்தோசைட் ஆகியவை சிலிக்கேட் அல்லது சிலிக்காக் கற்கள். மழைநீரில் ஒரு மனித வாழ்நாளுக்குள் உணரத்தக்க அளவு கரைவதில்லை. பளிங்கு, சுண்ணாம்புக்கல், டோலமைட், மேக்னசைட் ஆகியவை கார்பனேட்டுகள். மழைநீர் காற்றின் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகவே தரைக்கு வருகிறது. அது கார்பனேட் கல்லைத் தொடும்போதெல்லாம் சிறிதளவு கரைத்து மண்ணுக்குள் கொண்டுபோய், மண்ணின் காரத்தன்மையை உயர்த்துகிறது. கல்லோடு வரும் வெள்ளைத் தூள் இதை இன்னும் விரைவுபடுத்தும். மண்ணில் காரம் ஏறினால், இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். இலையின் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறி மஞ்சளாகும். இட்லிப்பூச் செடி இதை மிக வேகமாகக் காட்டும். பளிங்குச் சில்லுக்கு நடுவே வைத்த இட்லிப்பூ ஏன் மஞ்சளாகிறது என்று உரக்கடைக்காரரிடம் கேட்டு மருந்து தெளிப்பதைவிட, கல்லை மாற்றுவது நல்லது. ஏற்கெனவே உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சும் இந்த ஊர்களில் கார்பனேட் கல்லைச் சேர்ப்பது ஒரே திசையில் இரண்டு முறை தள்ளுவதாகும். ஐயமிருப்பின் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றைக் கல்லின் தூளில் விட்டுப் பார்க்கலாம்; பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும், வெங்கச்சங்கல் அசையாது. மேக்னசைட்டும் டோலமைட்டும் குளிர்ந்த அமிலத்தில் மிக மெதுவாகவே நுரைப்பதால், அவற்றை இரும்பு ஆணியால் கீறிப் பார்ப்பதே உறுதியான சோதனை: ஆணியால் கல்லில் கீறல் விழுந்தால் அது குவார்ட்ஸ் அன்று.

கூழாங்கல்லைப் பற்றிய கேள்வி அழகியலைத் தாண்டியது. மேட்டூர் அணை 1934இல் கட்டிமுடிந்த பிறகு, மேலே மலைகளிலிருந்து வரும் கல்லும் மணலும் அணையிலேயே தங்கிவிடுகின்றன. பவானி, பள்ளிபாளையம், பரமத்திவேலூர், மோகனூர் வழியே செல்லும் காவிரிப் படுகையில் கிடக்கும் உருண்டைக் கற்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய சேமிப்பு. ஆற்றடியில் மேலாகப் பரவிய கல், அடியிலுள்ள நுண்மணலை வெள்ளம் அரித்துச் செல்லாமல் காக்கும் கவசமாகவும், மீன்கள் முட்டையிடும் இடமாகவும், நீரைக் கரையோரக் கிணறுகளுக்குக் கசியவிடும் வடிகட்டியாகவும் விளங்குகிறது. அதை எடுப்பது மீளாத இழப்பு. கல், சரளை, மணல் ஆகியவை சட்டத்தில் சிறுகனிமங்கள். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் அவற்றை ஆள்கின்றன. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் ஐந்து ஹெக்டேருக்குட்பட்ட சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று தீர்ப்பளித்தது. உரிமம் பெற்ற குவாரியின் நடைச்சீட்டோடு வரும் ஜல்லியை வாங்குவது சட்டத்துக்கும் ஆற்றுக்கும் செய்யும் மரியாதை. பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த கருங்கல் துண்டுகள், உடைந்த அம்மி, ஆட்டுக்கல், பயன்படாத பலகைக்கல் ஆகியவை எல்லாவற்றினும் மேல். அவற்றுக்காக எந்தக் கரடும் புதிதாக வெடிக்கப்பட வேண்டியதில்லை.

இங்கே குவார்ட்ஸுக்கு எதிராகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதை உலர்ந்த நிலையில் உடைக்கும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசி, நுரையீரலின் கடைசி அறைவரை சென்று தழும்பை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல், தொழிலிடங்களில் சுவாசிக்கும் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. வெள்ளைச் சில்லின் அழகுக்கு யாரோ ஒருவரின் மூச்சு விலையாகக்கூடும் என்பதால், நீர் தெளித்து உடைக்கும் இடத்திலிருந்து வாங்குவதும், குறைவாக வாங்குவதும், வீட்டில் விரிக்குமுன் கழுவி ஈரமாகவே கையாளுவதும் கடமை. மேட்டுக்காட்டில் தானாகவே உதிர்ந்து கிடக்கும் வெங்கச்சங்கல்லை நிலத்துக்காரரின் சம்மதத்தோடு சில கூடைகள் பெறுவது இதைவிட நல்லது. அதை யாரும் உடைக்கவில்லை.

விரிக்கும் முறையில் பிழை மலிந்திருப்பது அடிவிரிப்பில். களை வராமல் தடுக்கும் என்று போடப்படும் பிளாஸ்டிக் தாள், இதுவரை சொன்ன நீர்ப்பயன் அனைத்தையும் ஒரே அடியில் ரத்து செய்கிறது. மண்ணுக்கு நீரும் காற்றும் போகாமல் மர வேர்கள் மூச்சுத் திணறுகின்றன. அதற்குப் பிறகும் களை நிற்பதில்லை. கோரையின் கூர்மையான முளை பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். மற்றக் களைகள் கல்லிடுக்கில் படியும் புழுதியில் மேலிருந்தே முளைக்கும். கோரைக் கிழங்குகளைக் கோடையில் இருமுறை கொத்திப் பொறுக்கி, தரையை வீட்டிலிருந்து வெளிநோக்கி இலேசாகச் சரிவுசெய்து, நடைபாதையாயின் ஓர் அங்குலம் கிரஷர் தூசி போட்டு நனைத்து இறுக்கி, அதன் மேல் இரண்டு அங்குலம் அரை ஜல்லி விரிப்பதே போதுமானது. அடுக்கு ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் வெயில் ஊடுருவிக் களை எழும். மூன்று அங்குலத்தைத் தாண்டினால் சிறுமழை மண்ணை அடையாது. ஓரத்துக்குக் கல்பலகையைச் செங்குத்தாகப் புதைத்தால் ஜல்லி புல்லுக்குள் சிதறாது. மரத்தின் அடிப்பட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளியே கல் தொடங்க வேண்டும். வாசற்படியை ஒட்டிப் பெரிய கற்களைக் குவிப்பதைத் தவிர்க்க வேண்டும். தேளும் பூரானும் சுருட்டை விரியனும் விரும்பும் உறைவிடம் பெரிய கல்லின் அடிநிழலே. சிறு ஜல்லியின் இடுக்கு அவற்றுக்குப் போதாது.

கல் மண்ணுக்கு ஊட்டம் தராது. மா, கொய்யா, மல்லிகை, கறிவேப்பிலை போன்றவற்றின் அடியில் கல்லைவிட உலர்ந்த சருகு மூடாக்கே மேலானது. அது ஈரத்தையும் காத்து, மக்கி, மண்புழுவையும் வளர்க்கும். கல்லுக்கு நடுவே நிற்கத் தகுந்தவை கரட்டு நிலத்தைத் தாங்கி வளரும் செடிகளே: ஆவாரை, விராலி, பிரண்டை, சோற்றுக்கற்றாழை, நித்தியகல்யாணி, சங்குக்கொடி, வேலிக்கு ஆகும் கிளுவை, இடையிடையே கொழுக்கட்டைப் புல். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பெத் சாட்டோ என்ற தோட்டக்கலைஞர் 1990களின் தொடக்கத்தில், பழைய கார் நிறுத்துமிடமாக இருந்த சரளை நிலத்தில், வறட்சியைத் தாங்கும் செடிகளை மட்டும் தேர்ந்து நட்டு, வேரூன்றிய பிறகு ஒருபோதும் நீர் பாய்ச்சாத தோட்டம் ஒன்றை உருவாக்கினார். நாட்டிலேயே குறைந்த மழை பெறும் பகுதிகளில் ஒன்று அது. அவர் மத்தியதரைக் கடற்கரைச் செடிகளைத் தேடிச் சென்றார். சேலத்தார் தம் ஊர்க் கரட்டுக்குச் சென்றால் போதும். பொங்கலுக்கு முந்தைய நாட்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரை, நீலச்சாம்பல் சார்னோக்கைட் ஜல்லிக்கு நடுவே நிற்கும்போது, எந்த இறக்குமதிச் செடியும் தர முடியாத பொருத்தம் அங்கே அமைகிறது. அந்தச் செடியும் அந்தக் கல்லும் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒன்றாகவே இருந்தவை.

கல்லடுக்குக்கும் முதுமை உண்டு. கான்சு உழவர்களின் சரளை வயல்கள் இருபது, முப்பது ஆண்டுகளில் உழவாலும் காற்றுப் புழுதியாலும் மண் கலந்து பயன் குன்றுகின்றன. பிறகு பழைய சரளையை நீக்கிப் புதிதாகப் பரப்ப வேண்டியிருக்கிறது. வீட்டு முற்றத்தில் இது இன்னும் விரைவாக நிகழும், ஏனெனில் வேப்பிலையும் பூவும் தெருப்புழுதியும் ஒவ்வோர் ஆண்டும் இடுக்குகளில் இறங்கி, நுண்ணிடைவெளிகளைத் திரும்ப உண்டாக்குகின்றன. இடுக்கு நிரம்பிய கல்லடுக்கில் நீர் மறுபடியும் நுண்புழை வழியே மேலேறும், களையும் வேர்பிடிக்கும். இலையைக் கூட்டுமாறால் வாரம் ஒருமுறை தள்ளுவது இதைத் தாமதப்படுத்தும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஆடிக்கு முன்பாகத் தரை நன்கு காய்ந்திருக்கும் வேளையில் கல்லை வாரி, கட்டட வேலைக்குப் பயன்படும் மணல் சலிக்கும் சல்லடையில் சலித்தால், கீழே விழும் கறுத்த பொடியில் பாதி மக்கிய இலை. அதைச் செடிகளுக்கு உரமாகப் போடலாம். மேலே நின்ற கல்லைக் கழுவி, அதே இடத்தில் திரும்ப விரிக்கலாம். சார்னோக்கைட்டாக இருந்தால் எடையில் ஒரு கிலோ கூடக் குறைந்திருக்காது.